மேப்பிள் மரத்துக்கு நாள் குறித்தல்

கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், பனிக்காலத்தின் பிடி தளர்ந்தும் வசந்தம் இன்னும் வந்து சேராத இடைப்பொழுதில், மேப்பிள் மரம் வைத்திருப்பவர் எவராயினும், பத்தாயிரம் மரமுள்ள தோப்புக்குச் சொந்தக்காரராயினும் கொல்லைப்புறத்தில் இரண்டே மரம் உள்ளவராயினும், அவரை உறங்கவிடாமல் செய்யும் கேள்வி ஒன்றுதான்: பாகு காய்ச்சுவதற்கான சாற்றை இறக்க இன்று துளையிடலாமா, இன்னும் சில நாள் பொறுக்கலாமா? துளையிடுதல் ஒரு பருவத்துக்கு ஒரே தடவை செய்ய வேண்டிய காரியம். போட்ட துளையைப் போடாததாக ஆக்க முடியாது. ஆகவே இதைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கைகள் வளர்ந்திருப்பதில் வியப்பில்லை. அவற்றுட் சில, அனுபவத்தில் விளைந்து காலத்தால் பழசாகிப் போனவை. சில, தொடக்கத்திலேயே பிழையானவை. என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருக்கும் தவறு ஒன்றே. சாறு என்றைக்குச் சுரக்கத் தொடங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். துளையின் ஆயுள் சில வாரங்களே என்பதால், அந்த ஆயுளை எந்த நாளிலிருந்து செலவழிக்கத் தொடங்குவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பஞ்சாங்க நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். வெர்மான்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை ஊர்ச்சபை கூடும் நாள். அன்றைக்குத் துளையிட்டுவிட்டால் குறைவராது என்பது அங்குள்ள குடியானவர்களின் நெடுநாளைய வழக்கு. இதைப் பேதைமை என்று நான் சொல்லமாட்டேன். வாளியைத் தொங்கவிட்டுச் சாறு பிடித்த காலத்தில், பல தலைமுறையினர் கண்ட சராசரியை ஒரு திருநாளோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஆனால் சராசரி என்பது எந்த ஓர் ஆண்டுக்கும் உரியதன்று. அந்தச் சராசரியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அண்டர்ஹில் என்னும் ஊரில் 1946 முதல் இயங்கிவரும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி நிலையத்தார் நாற்பது ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அப்பிரதேசத்தில் சாற்றுப் பருவம் முன்னைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு வாரம் முந்தித் தொடங்குவதையும், முடிவு அதனினும் சற்று அதிகமாகவே முந்திவிடுவதையும் கண்டார்கள். ஊர்ச்சபை நாள் வரும்வரை காத்திருப்பவன் சில ஆண்டுகளில் முதல் ஓட்டம் முழுவதையும் மரத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறான்.

இந்த நிலத்தின் பூர்வகுடிகள் இவ்விஷயத்தில் நம்மினும் தெளிவாக இருந்தார்கள். பேரேரிகளின் கரைகளில் வாழும் அனிஷினாபே மக்கள் ஏப்ரலை ஒட்டி வரும் மாதத்துக்கு இஸ்கிகமிசிகே கீசிஸ், அதாவது சாற்றைக் காய்ச்சும் நிலவு, என்று பெயர் வைத்தார்கள். மாதத்தைப் பார்த்துச் சாறு இறக்கவில்லை. சாறு இறங்கும் காலத்தைப் பார்த்து மாதத்துக்குப் பெயர் சூட்டினார்கள். காரியம் முன்னே, பெயர் பின்னே.

இனி, எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியிருக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். பனிக்காலம் முழுதும் மரம் உறங்குகிறது, சாறு வேருக்குள் இறங்கி ஒளிந்திருக்கிறது, வெயில் பட்டதும் மரம் விழித்துக்கொள்ளச் சாறு மேலே ஏறுகிறது என்பது அது. ஸ்கார்பரோவில் இருக்கும் என் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டாக அங்கே வாழ்பவர், இதை முழுமனத்துடன் நம்பியிருந்தார். இரண்டு வாரம் கடுங்குளிர் அடித்து ஓய்ந்த ஒரு பிப்ரவரிக் காலையில் வெயில் பளிச்சென்று எரிக்கக் கண்டு, அன்றே தம் கொல்லை மரத்தில் துளையிட்டுக் குழலைப் பொருத்தி வாளியை மாட்டினார். மாலைவரை ஒரு சொட்டு விழவில்லை. தொலைபேசியில் என்னை அழைத்து, “அண்ணை, மரம் செத்துப்போச்சோ? மற்றப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுப் பாக்கட்டோ?” என்று கேட்டார். வேண்டாம், பொறுங்கள் என்றேன். நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு வாளியின் அடியில் டிங், டிங் என்று தகரம் பேசத் தொடங்கியதாக அவரே அழைத்துச் சொன்னார்.

நடந்தது என்ன? காற்று சூடேறியிருந்தது, மரம் சூடேறவில்லை. ஓர் அடிக்கு மேல் பருத்த அடிமரத்தின் உட்பகுதி, நீண்ட உறைபனிக்குப் பின் இளகுவதற்குச் சில நாள் பிடிக்கும். ஆதலால் வெப்பமானி காட்டும் காற்றின் உஷ்ணத்தை மட்டும் நம்பி நாள் குறிப்பவன் ஏமாந்துபோவான். அதனினும் பெரிய பிழை, சாற்றை வேரிலிருந்து புறப்படும் யாத்திரிகனாக நினைப்பது. 1903இல் ஜோன்ஸ், எட்சன், மோர்ஸ் என்னும் மூவர், வெர்மான்ட் விவசாயப் பரீட்சை நிலையத்தின் சார்பில், மரத்துக்குள் அழுத்தமானிகளைப் பொருத்தி அளந்து வெளியிட்ட அறிக்கை, உறையும் பொழுதில் மரம் உள்நோக்கி உறிஞ்சுவதையும் இளகும் பொழுதில் வெளிநோக்கித் தள்ளுவதையும் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. இதற்குக் காரணமும் பின்னர் துலங்கிற்று. 1984இல் மில்பர்ன், ஓமாலி என்னும் இருவர் மேப்பிளின் ஐரோப்பிய உறவினமான சிக்கமோர் மரத்தை ஆராய்ந்து முன்வைத்த விளக்கமே இன்றைய கருத்துக்கு அடிப்படை.

அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்ற மரங்கள் பலவற்றில், நீர்க்குழாய்களைச் சூழ்ந்துள்ள நார்ச் செல்களில் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளிலோ அவற்றில் பெரும்பாலும் வாயுவே இருக்கிறது. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது, அந்த நார்ச் செல்களின் உட்சுவரில் நீர் பனிக்கட்டியாகப் படிய, உள்ளேயிருக்கும் வாயு நெருக்குண்டு சுருங்க, குழாய்களிலுள்ள நீர் அங்கே இழுக்கப்பட, அந்த இழுப்பு வேர்வரை சென்று மண்ணிலிருந்தும் நீரைக் கொண்டுவருகிறது. விடிந்து வெப்பம் உறைநிலையைக் கடந்ததும் பனிக்கட்டி உருக, நெருக்குண்ட வாயு விரிந்து, நீரைத் திரும்பக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. குழாய்களில் கரைந்துள்ள சர்க்கரையும் அந்த அழுத்தம் சட்டென்று தணிந்துவிடாமல் காக்கிறது. அவ்வழுத்தத்துக்கு நாம் போட்ட துளை ஒரு வாசல். மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் சாறு அதை நோக்கி வருகிறது. வெட்டியெடுத்த வேரில்லாத கிளையைக்கூட, நுனியை நீரில் வைத்து உறையவிட்டால் நீரை உறிஞ்சும், இளகவிட்டால் கக்கும். வேர் விழித்தெழும் கதைக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா? பிர்ச் மரம்தான் வேரின் அழுத்தத்தால் சாறு தருவது. அது மேப்பிளின் பருவம் ஓய்ந்த பிறகே தொடங்குகிறது. ஒன்றின் சுபாவத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பேசியதில் வந்த குழப்பமும் இந்த நம்பிக்கையில் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டவனுக்கு, வெயில் ஏற ஏறச் சாறும் ஏறும் என்ற எண்ணம் தானே உதிர்ந்துவிடும். நெருக்குண்ட வாயு விரிந்து முடிந்தால் ஓட்டமும் முடிந்தது. மறுபடி ஓர் இரவு உறைந்தாலன்றி மரத்துக்குப் புது முதல் கிடையாது. இரவில் சுழியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி, பகலில் மேலே ஐந்து டிகிரி என்று வழங்கும் கணக்கு நல்ல கைக்கணக்குதான், எனினும் அந்த எண்களில் மந்திரம் ஏதுமில்லை. உறைநிலையைத் தாண்டிப் போய் வருவதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. உறையாத இரவுகள் தொடர்ந்தால் என்னாகும் என்பதற்கு 2012 சாட்சி. அவ்வாண்டு மார்ச் மூன்றாம் வாரத்தில் வெர்மான்டில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிக் கோடைபோல் அடித்தது. குழந்தைகள் சட்டையின்றி ஓடியாடிய அந்த நாட்களில் தோப்புகளில் ஒரு சொட்டும் இல்லை. முந்தைய ஆண்டில் 11.4 லட்சம் காலன் பாகு கண்ட அம்மாநிலம் அவ்வாண்டு 7.5 லட்சம் காலனோடு நின்றது. கியூபெக்கிலும் இப்படியே ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வு: 2023இல் 12.4 கோடி பவுண்டு, 2024இல் 23.9 கோடி. ஒரே மரங்கள், ஏறக்குறைய அதே கைகள். உறைந்து இளகிய நாட்களின் எண்ணிக்கைதான் வேறு.

அப்படியானால் சீக்கிரமே துளையிட்டு வைத்துவிட்டால் எந்த நாளும் தப்பாதே என்று தோன்றும். இங்கேதான் துளையின் ஆயுள் குறுக்கே வந்து நிற்கிறது. துளையிட்ட கணத்திலிருந்து இரண்டு காரியங்கள் நடக்கின்றன. காயம்பட்ட மரம், அக்காயத்தைச் சுற்றியுள்ள குழாய்களைப் பிசினாலும் வேறு பொருள்களாலும் அடைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற மர ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளெல்லாம் மரங்களைப் பிளந்து பிளந்து பார்த்து நிரூபித்த உண்மை இது. இன்னொரு புறம், சர்க்கரை கலந்த நீர் என்பதால் நுண்ணுயிர்கள் துளைக்குள் பெருகி அதன் சுவரைக் கொழகொழவென்று மூடுகின்றன. வாளி வைத்த துளை நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வறண்டுவிடுவது இவற்றால்தான். துளை “காய்ந்துபோயிற்று” என்று தோப்புக்காரர்கள் சொல்வார்கள். காற்றுப்பட்டு ஈரம் உலர்ந்துபோவதாக அதற்குப் பொருள் கொள்வதும் ஒரு தவறான நம்பிக்கையே. அது உலரவில்லை, அடைபடுகிறது. அடைபடுவதும் குளிர்ந்த நாட்களில் மெல்லவும் வெதுவெதுப்பான நாட்களில் விரைந்தும் நடக்கிறது. ஜனவரியில் துளையிட்டுவிட்டு இடைவிடாத உறைபனி தொடர்ந்தால் பெரிய நஷ்டமில்லை. துளையிட்ட பின் பத்து நாள் இளஞ்சூடாக இருந்து, சாறும் ஓடாமல் போனால், அந்தப் பத்து நாளும் ஆயுட்கணக்கிலிருந்து வீணே கழிந்தவை.

இரவில் மரம் உள்நோக்கி உறிஞ்சும் என்றேனல்லவா? அந்த உறிஞ்சலில் குழலிலும், பெரிய தோப்புகளில் வாளிக்குப் பதிலாகச் சாற்றைக் கொண்டுபோகும் குழாயிலும் தங்கிய பழஞ்சாறு, தன்னிடமுள்ள கிருமிகளோடு துளைக்குள் திரும்பிப் போகிறது. மரத்துக்கு மறுநாளைய பலத்தைத் தரும் அதே செயல் துளைக்கு நஞ்சையும் கொண்டுசேர்க்கிறது. இதை அறிந்த பிறகே ஆண்டுதோறும் புதுக் குழல் பொருத்துவதும், உள்ளே திரும்ப விடாத தடுப்புக் குழல்களும், ஊற்று நின்ற வேளையிலும் இழுத்துக்கொண்டிருக்கும் வெற்றிடப் பம்புகளும் பெரிய தோப்புகளில் வழக்கமாயின. இவற்றைக் கைக்கொண்டவர்களின் துளைகள் இரண்டு மாதத்துக்கு மேலும் ஓடுகின்றன. எனவே “ஜனவரியில் துளையிடுபவன் ஏப்ரலில் கைவிரிப்பான்” என்று முதியவர்கள் எச்சரிப்பது, வாளிக்காரனுக்கு இன்றும் பெரும்பாலும் உண்மை, குழாய்க்காரனுக்குப் பெரும்பாலும் உண்மையன்று. அவனுக்கு வேறு நிர்ப்பந்தமும் உண்டு. பனிமிதியடி கட்டிக்கொண்டு இடுப்பளவு பனியில் நடக்கும் ஓர் ஆள் ஒரு நாளில் சில நூறு துளைதான் போட முடியும். பத்தாயிரம், இருபதாயிரம் துளைக்காரன் ஊர்ச்சபை நாளன்று தொடங்கினால் பருவம் அவனைத் தாண்டிப் போய்விடும். பக்கத்துத் தோப்பில் ஜனவரியிலேயே துளைக்கருவியின் ஓசை கேட்டது என்று பதறி, பத்து வாளிக்காரரும் அன்றே தம் மரத்தைத் துளைப்பதுதான் நான் அடிக்கடி காணும் வருத்தமான தவறு. அவர் செய்ய வேண்டியது, அடுத்த பத்து நாள் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, உறைந்து இளகும் நாட்கள் நாலைந்து வரிசையாக வருகின்றனவா என்று கண்டு, அதற்கு முன்தினம் துளையிடுவது. தென் ஒன்டாரியோவில் அது பிப்ரவரி நடுவிலும் வரலாம். செயின்ட் லாரன்ஸ் நதிக்கு வடக்கே மார்ச் நடுவிலும் வரலாம்.

நம்மவரிடையே ஒரு தனி நம்பிக்கை இருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பனையிலிருந்து பதநீர் இறக்குவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, நாள்தோறும் பாளையைச் சீவிச் சீவிப் புதுப்பித்தால் ஊற்று நிற்காது என்பது இயல்பான ஞானம். கனடாவுக்கு வந்தபின் அதே கண்ணோடு மேப்பிளைப் பார்த்து, ஊற்று மெலிந்த துளையை மீண்டும் குடைந்து பெரிதாக்குகிறார்கள். பனையில் வருவது பூங்கொத்துக்கு உணவு கொண்டுபோகும் திசுவிலிருந்து. வளர்ந்து முற்றிய பின் உதிர்ந்துபோகும் உறுப்பைச் சீவுவதால் மரத்தின் உடலுக்குக் காயமில்லை. மேப்பிளில் வருவது அடிமரத்துக் கட்டைக்குள் நீர் ஏறும் குழாய்களிலிருந்து. குடைந்த இடம் குடைந்ததுதான். துளைக்கு மேலும் கீழும் பல அங்குலத்துக்கு ஓடும் பழுப்புக் கோடாக அந்தக் காயம் மரத்துக்குள் என்றும் இருக்கும். அந்தக் கோட்டில் இனி ஒருபோதும் சாறு ஓடாது. அடைபட்ட துளையைக் குடைவதால் ஓரிரு நாள் சொட்டலாம். அதற்கு விலையாக மரம் தன் நல்ல கட்டையில் இன்னொரு பங்கை இழக்கிறது. பதநீர்ப் பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பதைத் தடுப்பார்கள். மேப்பிளுக்கு அந்தச் சுண்ணாம்பின் வேலையைக் குளிரே செய்கிறது. ஆதலால் வெதுவெதுப்பான நாளில் வாளியில் இரவெல்லாம் கிடந்த சாற்றை நம்பக்கூடாது, அன்றன்றே காய்ச்சிவிட வேண்டும்.

காகம் திரும்பி வந்தால் துளையிடு, மேற்குக் காற்று வீசினால் சாறு ஓடும், அடிமரத்தைச் சுற்றிப் பனி உருகி வளையமிட்டால் காலம் வந்துவிட்டது என்பன போன்ற நிமித்தங்களை நான் விரிவாக மறுக்கப் போவதில்லை. பருவம் மாறுவதை அவையும் தம் வழியில் சொல்கின்றன. ஆனால் வரப்போகும் பத்து நாளை அவை சொல்லவில்லை. தெற்குப் பக்கத்தில்தான் துளையிட வேண்டும் என்பது மட்டும் தீங்கு விளைவிக்கும் நம்பிக்கை. தெற்கு முகம் வெயிலை முன்னே வாங்குவதால் காலையில் அங்கே சொட்டுவது முந்தும் என்பது மெய்தான். ஆண்டுதோறும் அந்த ஒரு முகத்திலேயே துளையிட்டால் காயத்தின் மேல் காயமாக அங்கே உயிருள்ள கட்டையே இல்லாமற்போகும். மரத்தைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

அதற்கு வழிகாட்டி, துளைக்கருவியின் வாயிலிருந்து விழும் தூள்தான். ஒரு நாள் முழுதும் ஒரு தோப்புக்காரரின் பின்னால் நடந்து இதைக் கற்றுக்கொண்டேன். பழைய துளையின் வடு எங்கே என்று பட்டையில் கையால் தடவிப் பார்த்து, அதிலிருந்து பக்கவாட்டில் தள்ளிச் சற்று மேலாக இடம் பிடித்து, எட்டு மில்லிமீட்டர் அலகைச் சிறிதே மேல்நோக்கிச் சாய்த்து, ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம்வரை ஒரே மூச்சில் செலுத்தி நேராக வெளியே இழுத்தார்; இழுத்த தூளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். தேங்காய்த் துருவல்போல் வெளுத்து ஈரமாக இருந்தது. “இது உயிருள்ள கட்டை. காப்பி நிறத்தில் வந்தால் பழைய காயத்தில் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம்” என்றார். பிறகு குழலை வைத்துச் சிறு சுத்தியலால் தட்ட, முதலிரு தட்டுக்கு டொக்கு டொக்கென்று வெற்றொலி எழுந்து, மூன்றாவதில் ஓசை கனத்து அடங்கியதும் அவர் கையும் நின்றது. அதற்கு மேல் ஒரு தட்டுத் தட்டினாலும் கட்டை விரிந்து, விரிசல் வழியே சாறு கசிந்து பட்டையில் வழியுமாம். கடுங்குளிரில் உறைந்த மரம் இன்னும் எளிதில் பிளக்கும் என்பதால், பனி சற்று இளகிய பகற்பொழுதிலேயே குழல் அடிக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தைத் தவறவிட்டவன் பருவத்தையே தவறவிட்டான் என்ற அச்சமும் மிகையானது. ஆரம்பச் சாற்றில் சர்க்கரை சற்றுக் கூடுதலாயிருப்பதும், பாகு பொன்னிறமாக வருவதும் உண்மை. ஆனால் மரத்துக்கு மரம் உள்ள வேற்றுமை அதனினும் பெரிது. நாற்பது பங்கு சாறு காய்ச்சினால் ஒரு பங்கு பாகு என்று எல்லோரும் ஒப்பிக்கும் கணக்கை, மேலே சொன்ன ஜோன்ஸ் இன்னும் நயமாகத் திருத்தினார்: 86ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை பங்கு வேண்டும் என்பது கிடைக்கும். இரண்டு சதவீதமானால் 43. மூன்றானால் 29க்கும் குறைவு. அந்த ஒரு சதவீதத்தில் எத்தனை கட்டு விறகு மிச்சமாகும் என்பது இரவெல்லாம் கொட்டிலில் அடுப்பெரித்தவர்களுக்குத் தெரியும்.

முடிவு எப்போது? தவளை கத்தினால் கடைசி ஓட்டம் என்பார்கள். இது ஓரளவு பொருந்தும் நிமித்தம், ஏனெனில் தவளைக்கும் உறையாத இரவு வேண்டும். திட்டமான அடையாளம் மொட்டிலும் மூக்கிலும் இருக்கிறது. மொட்டு பருக்கத் தொடங்கினால் சாற்றின் அமினோ அமிலங்கள் மாறி, காய்ச்சும்போது கொப்பரையிலிருந்து எழும் ஆவியில் ஒரு கசந்த வாடை வீசும். அந்தப் பாகு எத்தனை தெளிவாயிருந்தாலும் உண்ணத் தகாது. இடையே ஒரு பின்பனி பெய்தால் சலித்துக்கொள்பவர்களுண்டு. அந்தப் பனிதான் மொட்டைத் தாமதப்படுத்திப் பருவத்துக்குச் சில நாள் நீட்டிப்புத் தருகிறது.

வாடை வந்த அன்றே குழல்களைக் கழற்றிவிட வேண்டும். துளைக்கு மரத்தக்கை அடித்து மூடினால் விரைவில் ஆறும் என்று சிலர் ஆப்புச் செதுக்கி வைத்திருப்பார்கள். அந்த ஆப்பு மரம் தானே வாய்மூடுவதற்குத் தடையாகவே நிற்கும். என் ஸ்கார்பரோ நண்பரும் ஏப்ரலில் ஓர் ஆப்போடு மரத்தடியில் நின்றுகொண்டு என்னை அழைத்தார். அதை அடுப்பில் போடச் சொன்னேன். அந்தத் துளை இரண்டு ஆண்டில் மூடிக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானளவு வடு இருக்கிறது. இந்த ஆண்டு அதிலிருந்து ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளித் துளையிட்டபோது விழுந்த தூள் வெள்ளையாயிருந்ததென்று, அதை ஒரு தாளில் மடித்து எனக்கு அனுப்பியிருந்தார்.